ராமநாதபுரத்தில் ஒரு தொழில் சட்ட அலுவலகம்: நண்டுக் கொட்டகை நடத்துபவரின் மதிப்பீடு

மண்டபம் பகுதியில் நண்டு அவித்துச் சதை எடுக்கும் சிறிய கொட்டகை ஒன்றை நடத்துகிறேன். பாக் நீரிணையில் வள்ளங்கள் என்ற நாட்டுப் படகுகள் கொண்டுவரும் நீலக்கால் நண்டை வாங்கி, அவித்து, பெண்களைக் கொண்டு ஓடு நீக்கி, பெரிய துண்டு, சிறு துண்டு, கால் சதை எனத் தரம் பிரித்து, ஐஸில் வைத்து ஏற்றுமதி நிறுவனங்களுக்கு அனுப்புவதே எங்கள் வேலை. இப்படிப்பட்ட தொழிலுக்குச் சட்ட ஆலோசனை தேவைப்படும் என்று இந்தக் கரையில் பெரும்பாலோர் எண்ணுவதில்லை. கணக்குப் பிள்ளையும் ஆடிட்டரும் போதும் என்பதே பொதுவான கருத்து. ராமநாதபுரத்தில் தொழிலாளர் சட்டத்தையும் வணிக ஒப்பந்தங்களையும் மட்டும் எடுத்துக்கொள்ளும் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தின் சேவையைச் சில ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். அந்தச் சேவை எதில் சிறந்தது, எதில் குறைபடுகிறது என்பதை, என்னைப் போன்ற சிறு தொழில் நடத்துபவர்களுக்கும் அவர்களிடம் வேலை செய்பவர்களுக்கும் பயன்படும் என்பதற்காக எழுதுகிறேன்.

அலுவலகத்தின் பெயரைக் குறிப்பிடவில்லை. வழக்கறிஞர்கள் விளம்பரத்தின் மூலம் வாடிக்கையாளர்களைத் தேடக் கூடாது என்று இந்திய பார் கவுன்சிலின் 36-ஆவது விதி சொல்கிறது. இணையதளங்கள் வழக்கறிஞர்களை விலைப்பட்டியல் போலப் பட்டியலிடுவதைச் சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் கடுமையாகக் கண்டித்தது. பெயர் வேண்டாம் என்று அவர்களே கேட்டுக்கொண்டதை மதிக்கிறேன். எந்த அலுவலகத்தை நாடினாலும் எதையெல்லாம் எதிர்பார்க்கலாம் என்பதற்கு இது ஓர் அளவாக இருக்கட்டும்.

கொட்டகைக்கு ஒரு வேலை ஒப்பந்தப் படிவம் வேண்டும் என்று முதலில் சென்றபோது, கரையில் புழங்கும் ஒரு முன்பணச் சீட்டை மாதிரிக்காகக் கொண்டுபோயிருந்தேன். அவர்களை மதிப்பிட அந்த ஒரு சீட்டை அவர்கள் கையாண்ட விதமே எனக்குப் போதுமானதாக இருந்தது. ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போதும், திருமணம், மருத்துவம் என்று செலவு வரும்போதும் பெண்கள் முதலாளியிடம் முன்பணம் வாங்குவது இங்கே வழக்கம். அதற்கு எழுதி வாங்கப்படும் சீட்டில், ‘முன்பணம் தீரும்வரை வேறு கம்பெனிக்கு வேலைக்குப் போக மாட்டேன்’ என்ற ஒரு வரி அநேகமாக எப்போதும் இருக்கும். மூத்த வழக்கறிஞர், அவரை எல்லோரும் வக்கீலம்மா என்றே அழைக்கிறார்கள், அந்த வரியின் மேல் சிவப்பு மையில் கோடிட்டு, ஓரத்தில் ‘1976’ என்று மட்டும் எழுதினார்.

கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டம் நிறைவேறிய ஆண்டு அது. முன்பணத்துக்கு ஈடாக ஒருவர் வேறு இடத்தில் வேலை செய்யும் உரிமையை விட்டுக்கொடுத்தால், சுவரும் பூட்டும் இல்லாவிட்டாலும், அந்த ஏற்பாடு கொத்தடிமை முறை என்ற வரையறைக்குள் வந்துவிடும். அப்படி வந்துவிட்டால் 3 ஆண்டு வரை சிறை என்பது ஒருபுறமிருக்க, அந்தக் கடனே சட்டப்படி அழிந்துபோகும். கொடுத்த பணத்தைக் கேட்கும் உரிமையும் முதலாளிக்கு இருக்காது. “பணத்தைக் காப்பாத்தத்தான இந்த வரிய எழுதுறீங்க, அந்தப் பணத்த அழிக்கிறதே இந்த வரிதான்” என்று அவர் சொன்னபோது, பல ஆண்டுகளாக இந்தச் சீட்டுகளைப் பெட்டியில் பூட்டி வைத்திருக்கும் எத்தனை கொட்டகைகள் இதை அறியும் என்ற கவலை எனக்கு ஏற்பட்டது.

அதற்கு மாற்றாக அவர்கள் எழுதித் தந்த படிவம் தமிழில், ஒரே பக்கத்தில் இருந்தது. முன்பணம் எவ்வளவு, வட்டி கிடையாது, ஒவ்வொரு பட்டுவாடாவிலும் எவ்வளவு பிடிக்கப்படும், எந்தப் பட்டுவாடாவிலும் மொத்தப் பிடித்தம் கூலியில் பாதியைத் தாண்டாது, இடையில் நின்றுகொண்டால் மீதி சாதாரணக் கைமாற்றுக் கடனாகக் கருதப்படும், வேறு இடத்தில் வேலை செய்வதற்கு எந்தத் தடையும் இல்லை என்பவை மட்டுமே அதில் உள்ளன. பிரதி ஒன்று தொழிலாளிக்குக் கொடுக்கப்பட வேண்டும் என்பதை அச்சில் கடைசி வரியாகச் சேர்த்திருந்தார்கள். 50 சதவீத உச்சவரம்பு ஊதியச் சட்டத் தொகுப்பில் உள்ளது.

அதே நாளில், ஏற்றுமதி நிறுவனம் ஒன்று எங்களிடம் கையொப்பம் கேட்டிருந்த கொள்முதல் ஒப்பந்தத்தையும் அவர்களிடம் காட்டினேன். ஒப்பந்தம் முடிந்த பிறகும் 2 ஆண்டுகளுக்கு வேறு நிறுவனத்துக்குச் சதை விற்கக் கூடாது என்ற நிபந்தனை அதன் பின்பக்கத்தில் இருந்தது. வக்கீலம்மா அதே சிவப்பு மையால் அதையும் கோடிட்டார். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 27: தொழில் செய்வதைத் தடுக்கும் உடன்படிக்கை செல்லாது. ஒப்பந்தம் நடப்பில் இருக்கும் காலத்தில் ‘எங்களுக்கு மட்டுமே கொடுக்க வேண்டும்’ என்று கேட்பதை நீதிமன்றங்கள் பொதுவாக அனுமதிக்கின்றன. முடிந்த பின்னும் கட்டிப்போடுவதைத்தான் அனுமதிப்பதில்லை. தொழிலாளியிடம் நாங்கள் எழுதி வாங்க நினைப்பதும், எங்களிடம் பெரிய நிறுவனம் எழுதி வாங்க நினைப்பதும் ஒரே தன்மையுடையவை என்பதை அவர் வாதமாகச் சொல்லவில்லை. இரண்டு தாள்களையும் மேசையில் அருகருகே வைத்தார், அவ்வளவுதான். இந்த நேர்மைக்காகத்தான் அவர்களிடம் தொடர்ந்து செல்கிறேன். முதலாளி கட்டணம் செலுத்துகிறார் என்பதற்காக முதலாளி கேட்க விரும்புவதைச் சொல்லும் ஆலோசகர்கள் நம் மாவட்டத்தில் குறைவில்லை.

எல்லாப் பிணைப்பும் செல்லாது என்று அவர்கள் சொல்வதில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும். செலவு செய்து ஆளெடுத்த நிறுவனம், குறிப்பிட்ட காலத்துக்கு முன் விலகுபவரிடம் நியாயமான தொகையை வாங்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில் ஏற்றுக்கொண்டதை எடுத்துக்காட்டி, கொட்டகையின் தரக்கட்டுப்பாட்டுப் பயிற்சிக்கு அனுப்பிய இளைஞருக்கு வேறு விதமான ஓர் ஒப்பந்தம் எழுதித் தந்தார்கள். எது எங்கே பொருந்தும் என்று பிரித்துப் பார்க்கும் இந்தக் கவனத்துக்குத்தான் ஒருவர் கட்டணம் செலுத்துகிறார்.

அடுத்து, நிலுவைப் பணம். எங்கள் கொட்டகை பிழைத்திருப்பதற்கு இந்த அலுவலகத்தின் பங்கு இதில்தான் மிகுதி என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். தூத்துக்குடிப் பக்கத்து வாங்குபவர் ஒருவர் ஏறத்தாழ 4 லட்சம் ரூபாயை மாதக்கணக்கில் இழுத்தடித்தார். வள்ளக்காரருக்கு நாங்கள் அன்றன்றே பணம் கொடுத்தாக வேண்டும். பெண்களுக்கு வாரப் பட்டுவாடா. எங்களுக்கு வரவேண்டியதோ எப்போது வரும் என்று தெரியாது. கேட்டபோதெல்லாம், ‘சதையில் ஓட்டுத் துணுக்கு கலந்திருந்தது, கழித்துக்கொண்டுதான் தருவோம்’ என்று தொலைபேசியில் பதில் வந்தது.

குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம், 2006-ஐ அவர்கள் கையாண்ட விதத்தில் ஒவ்வொரு தாளுக்கும் ஒரு வேலை இருந்தது. சரக்கை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து, ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும், அதிகபட்சம் 45 நாள்களுக்குள் பணம் தரப்பட வேண்டும். எழுத்து ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள்களுக்குள். குறை இருந்தால் வாங்குபவர் 15 நாள்களுக்குள் எழுத்து மூலம் தெரிவித்திருக்க வேண்டும்; தெரிவிக்கவில்லையென்றால் சரக்கு இறங்கிய நாளே ஏற்றுக்கொண்ட நாளாகிவிடும். ஆகவே அவர்கள் முதலில் கேட்டது எங்கள் பில்லை அல்ல, இறக்கும் இடத்தில் கையொப்பமான எடைச் சீட்டுகளை. ஐஸ் தண்ணீர் பட்டு மை ஊறிப்போயிருந்த சீட்டுகளை இளைய வழக்கறிஞர் ஒருவர் வெயிலில் காயவைத்து, தேதி வாரியாக அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் எதிரே பில் எண்ணை எழுதினார். தொலைபேசிக் குறைகூறல் எதற்கும் எழுத்து இல்லை என்பது அந்த அடுக்கில் தானாகவே தெரிந்தது.

வாட்ஸ்அப் செய்திகளை அச்சிட்டுக் கொடுத்தால் போதும் என்றே நம்மில் பலர் நினைக்கிறோம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாக்ஷ்ய அதினியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63-ஆவது பிரிவுப்படி, மின்னணு ஆவணத்தோடு ஒரு சான்றிதழும் இணைக்கப்பட வேண்டும். எந்தக் கைபேசியிலிருந்து எடுக்கப்பட்டது என்பது முதல் அதில் நிரப்ப வேண்டியவை ஏராளம். அந்தக் கைபேசியை மாற்றிவிட வேண்டாம், செய்திகளை அழித்துவிட வேண்டாம் என்று முதல் நாளே எச்சரித்தார்கள். இது சிறிய விஷயம்தான். ஆனால் இதைச் சொல்லாமல் விட்டு, விசாரணைக்கு வரும்போது கைவிரித்த வேறு அனுபவங்களை மற்றக் கொட்டகைக்காரர்கள் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள்.

தாமதத்துக்கான வட்டி ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தின் 3 மடங்கு, அதுவும் மாதந்தோறும் கூட்டு வட்டியாக என்பதை அறிவிப்புக் கடிதத்தில் கணக்கிட்டே காட்டியிருந்தார்கள். கடிதத்தின் இன்னொரு பத்தியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். குறு, சிறு நிறுவனங்களுக்கு உரிய காலத்துக்குள் தராத தொகையை, அது உண்மையில் கொடுக்கப்படும் ஆண்டு வரை வாங்குபவர் தம் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது என்று 2023-இல் திருத்தம் வந்தது. அந்தப் பத்தியை வாங்குபவரின் கணக்காளர் படித்திருக்க வேண்டும். அதுவரை தொலைபேசியை எடுக்காதவர்கள் அதன் பிறகு தாங்களே அழைத்தார்கள். முழுத் தொகையும் அப்படி வந்துவிடவில்லை. ஒப்பந்தத்தில் தகராறுகளுக்கு நடுவர் சென்னையில் என்று எழுதப்பட்டிருந்தபோதிலும், 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி நிலுவைத் தகராறுகளைத் தீர்க்கும், விற்பவர் இருக்கும் பகுதியின் வசதியாக்கல் மன்றத்துக்கே செல்லலாம், அந்தச் சட்டம் தனிப்பட்ட நடுவர் ஒப்பந்தத்தை மீறி நிற்கும் என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் உறுதி செய்திருக்கிறது. எங்களுக்கு அது மதுரை. மன்றத்தின் சமரசக் கட்டத்திலேயே அசலும் வட்டியில் ஒரு பகுதியும் தவணைகளில் தருவதாக உடன்பாடு ஏற்பட்டது. வட்டியை விட்டுக்கொடுப்பதா என்ற முடிவை அவர்கள் எடுக்கவில்லை; விட்டுக்கொடுத்தால் எவ்வளவு போகும், தொடர்ந்தால் எவ்வளவு காலம் ஆகலாம், தீர்ப்பை எதிர்க்க விரும்பினால் வாங்குபவர் 75 சதவீதத்தை முன்கூட்டியே செலுத்தியாக வேண்டும் என்பது எங்களுக்கு எவ்வளவு பலம் என்று விளக்கிவிட்டு, என்னை முடிவெடுக்கச் சொன்னார்கள்.

இவை அனைத்துக்கும் அடிப்படை, சரக்கு அனுப்புவதற்கு முன்பே, சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவு எங்களிடம் இருந்ததுதான். அரசின் இணையதளத்தில் இந்தப் பதிவுக்குக் கட்டணமே கிடையாது. இருந்தும் பல இணைய மையங்களில் இதற்குப் பணம் வாங்குகிறார்கள் என்பதைக் கரையோர வியாபாரிகள் கவனிக்க வேண்டும். வெறும் கொள்முதல்–விற்பனை செய்யும் வியாபாரிகளுக்கு, உத்யம் பதிவு இருந்தாலும், தாமதப் பணத்துக்கான இந்தப் பாதுகாப்பு கிடைப்பதில்லை. கருவாட்டை வாங்கி அப்படியே விற்கும் உறவினர் ஒருவரை நான் அழைத்துச் சென்றபோது, வழக்கை எடுத்துக்கொண்டு கட்டணம் வாங்காமல், இந்த வழி உங்களுக்குத் திறக்காது என்று சொல்லி அனுப்பினார்கள்.

தொழிலாளர் பக்கம் அவர்கள் எழுப்பிய கேள்விகளில் எனக்கு மிக முக்கியமாகப் பட்டது பணிக்கொடை, அதாவது கிராஜுவிட்டி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. ஆகவே இந்தக் கரையின் கொட்டகைகள் எல்லாம் பருவகாலத் தொழில்கள், பணிக்கொடை தர வேண்டியதில்லை, தந்தாலும் ஒரு பருவத்துக்கு 7 நாள் கூலிதான் என்று ஒரு பேச்சு நீண்ட காலமாக உண்டு. வக்கீலம்மா எங்கள் கொள்முதல் பேரேட்டை வாங்கி, தடைக்காலப் பக்கங்களைத் திருப்பினார். நண்டு வலை போடுவது வள்ளங்கள், தடையோ விசைப்படகுகளுக்கு. மே மாதத்திலும் நண்டு வந்திருக்கிறது, அவித்திருக்கிறோம், கூலி கொடுத்திருக்கிறோம் என்பது எங்கள் கையெழுத்திலேயே இருந்தது. எனவே இது பருவகாலக் கொட்டகை ஆகாது. ஆண்டுக்கு 15 நாள் கூலி என்ற பொது விதியே பொருந்தும் என்றார். கிலோ கணக்கில் கூலி வாங்குபவர்களுக்கு வேலையை விடுவதற்கு முந்தைய 3 மாதச் சராசரியை எடுத்து ஒரு நாள் கூலியைக் கணக்கிட வேண்டும். அதனால் கடைசி 3 மாதங்களில் வரத்துக் குறைந்தால் அந்தப் பெண்ணுக்கு இழப்பு ஏற்படும் என்பதையும் அவரே சுட்டிக்காட்டி, முழு ஆண்டுச் சராசரி கூடுதலாக இருந்தால் அதையே கொடுப்பது முதலாளியின் விருப்பத்துக்கு உட்பட்டது, சட்டம் தடுக்காது என்றார். நாங்கள் அப்படியே செய்கிறோம்.

2025 நவம்பர் 21 அன்று 29 மத்தியத் தொழிலாளர் சட்டங்களுக்குப் பதிலாக 4 சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தபோது, அலுவலகம் தன் வாடிக்கையாளர்கள் அனைவருக்கும் தமிழில் ஒரு குறிப்பு அனுப்பியது. நியமனக் கடிதம் கட்டாயம், குறித்தகால ஒப்பந்தத்தில் இருப்பவருக்கு ஓராண்டிலேயே பணிக்கொடைத் தகுதி, வேலையை விட்டு விலகியவருக்கு அல்லது விலக்கப்பட்டவருக்கு 2 வேலை நாள்களுக்குள் கூலி பாக்கி என்று எங்களுக்குத் தேவையானவை மட்டும் அதில் இருந்தன. கூலி குறைவாகத் தரப்பட்டதாகக் கருதும் தொழிலாளி 3 ஆண்டுகளுக்குள் முறையிடலாம் என்பதையும் மறைக்காமல் எழுதியிருந்தார்கள்.

இ.எஸ்.ஐ., பி.எஃப். மாதக் கணக்குகளை அவர்கள் செய்வதில்லை. அதற்குத் தனி ஆள் வேண்டும். ஆனால் 10 பேர் என்றால் இ.எஸ்.ஐ., 20 பேர் என்றால் பி.எஃப். என்ற எண்ணிக்கையைத் தாண்டாமலிருக்க ஆள்களை இரண்டு பெயர்களில் பிரித்துக் காட்டும் தந்திரத்துக்கு அவர்கள் உதவ மாட்டார்கள் என்பதைப் பக்கத்துக் கொட்டகைக்காரர் ஒருவர் குறையாகச் சொன்னார். நான் அதை நிறையாகவே எழுதுகிறேன். அவித்த நண்டின் ஓடு கீறி விரல் புண்ணாகி, சீழ் பிடித்து வாரக்கணக்கில் வேலைக்கு வரமுடியாத பெண்களை நான் பார்த்திருக்கிறேன். கூலியில் 0.75 சதவீதம் அவர்களும் 3.25 சதவீதம் நாங்களும் செலுத்தும் இ.எஸ்.ஐ. திட்டத்தில்தான் அவர்களுக்கு மருத்துவமும் நோய்க்கால உதவித்தொகையும் இருக்கின்றன. அதேபோல், பெண்களே நிறைந்திருக்கும் இந்தத் தொழிலில், 10 பேருக்கு மேல் இருந்தும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படியான பாலியல் துன்புறுத்தல் புகார்க் குழு பல கொட்டகைகளில் பெயருக்குக்கூட இல்லை. எங்கள் கொட்டகையில் குழு அமைத்துக் கொடுத்ததோடு, வெளி உறுப்பினர் ஒருவரையும் தேடித் தந்தார்கள்.

எங்கள் கொட்டகையைச் சேர்ந்த மூத்த பெண் ஒருவர், தம் பழைய வேலையிடத்தின் பணிக்கொடை பற்றிக் கேட்க அந்த அலுவலகத்துக்குச் சென்றார். “அம்மா, எனக்கு எழுத்து இல்ல, சீட்டு இல்ல, என்ன செய்ய?” என்று கேட்டவரிடம், “எழுத்து வச்சிருக்க வேண்டியது முதலாளி, நீங்க இல்லக்கா” என்று சொல்லி, உடன் வேலை செய்த இருவரின் பெயர்களைக் குறித்துக்கொண்டார் வக்கீலம்மா. பின்னர், அந்த முன்னாள் முதலாளியும் தங்கள் வாடிக்கையாளர் என்று தெரிந்ததும், தாம் அந்த வழக்கை நடத்த முடியாது என்பதை வெளிப்படையாகச் சொல்லி, மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குச் செல்ல ஒரு தாளில் வழி எழுதிக் கொடுத்தார். 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வருமானம் எவ்வளவு இருந்தாலும், பெண்களுக்கு அங்கே வழக்கறிஞர் இலவசம். 15100 என்ற எண்ணில் தொலைபேசியிலும் கேட்கலாம். தம் வாடிக்கையாளருக்கு எதிராகச் செல்லக்கூடியவருக்குச் சரியான கதவைக் காட்டியனுப்புவது, இந்தத் தொழிலில் நான் எளிதில் காணாத ஒழுக்கம்.

குறைகளும் உள்ளன. கட்டணத்தை முதலில் சொல்வதில்லை. வேலை பாதி நடந்த பிறகே தொகை தெரிகிறது. தொகை அநியாயமானதல்ல என்றாலும், வாரக் கூலி கொடுத்துத் தொழில் நடத்துபவருக்கு முன்கூட்டித் தெரிவது அவசியம். ஆலோசனையும் படிவங்களும் தமிழில் இருக்க, மதுரை மன்றத்துக்கான மனு ஆங்கிலத்தில் மட்டுமே தயாரானது. கையொப்பமிடும் முன் தமிழில் விளக்கம் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. விசாரணைக்காக வக்கீலம்மா மதுரை செல்லும் நாள்களில் அலுவலகத்தில் பதில் சொல்ல ஆளிருப்பதில்லை. தொண்டி, ஏர்வாடி போன்ற இடங்களிலிருந்து பேருந்தில் வருபவர்கள் முன்பே தொலைபேசியில் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

விசைப்படகுப் பங்குக் கணக்கு தொடர்பான தகராறுகளுக்கு இந்த அலுவலகத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். டீசல், ஐஸ், பேட்டா கழித்த பின் மீதியைப் பிரித்துக்கொள்ளும் கடல் தொழிலாளி, கூலியாளா கூட்டாளியா என்ற கேள்விக்குப் படகுக்குப் படகு வேறுபடும் வழக்கங்களைத் தெரிந்த ஒருவர் தேவை. இவர்கள் கரையிலுள்ள வேலையையே நன்கு அறிந்தவர்கள். கொட்டகை, ஐஸ் கம்பெனி, கருவாட்டுக் களம், தங்கும் விடுதி, துணிக்கடை ஆகியவற்றை நடத்துபவர்களும் அங்கே வேலை செய்பவர்களும் தயங்காமல் செல்லலாம். போகும்போது கையில் இருக்கும் சீட்டுகள் அனைத்தையும், நனைந்தவை உட்பட, எடுத்துச் செல்லுங்கள். கட்டணத்தை முதல் சந்திப்பிலேயே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.